கலையின் பெருமையும் கேட்போர் பிராயமும்

(தெப்பக்காட்டில் கூடிய நம் சங்கத்தாரின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உதகையினின்று கூடலூர் வழியாக இவ்விடம் வருகையில், யாருடைய பாட்டை ஒலிக்கச் செய்வது என்று வண்டியில் ஒரு பெரும் வழக்கு எழுந்ததை அனைவரும் அறிவீர்கள். அவ்வழக்கில் நாமும் உரக்கக் கூவினோம். வந்து அமர்ந்த பின்னர்ச் சிறிது வெட்கம் உண்டாயிற்று.

நம் தந்தையாருக்குத் தியாகராஜ பாகவதரே சங்கீதத்தின் எல்லை. 1944-ம் வருஷத்துத் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதன்றோ? 1976-ல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. நமக்கு அப்போது வயது 18. இளையராஜாவின் மெட்டுக்களில் மயங்கி நின்ற நம்மை நோக்கி, “நாற்று நடுவோர் பாட்டைக் கேட்க வானொலிப் பெட்டி எதற்கடா?” என்றார் அவர். மனம் நொந்தோம். ஆயினும் 1992-ல் ரகுமானுடைய ‘ரோஜா’ப் பாடல்களை நம் தமையனார் புதல்வன் கேட்டபொழுது, “இயந்திரச் சத்தம்” என்று கூறியவர் நாமே!

இது நம் வீட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்காவில் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் இருவர் 1989-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தமக்கு ஏறக்குறைய 24 வயதாயிருந்த காலத்துப் பாட்டுக்களையே மக்கள் மிகவும் விரும்பக் கண்டனர்.

பிராயம் போலவே வாழ்க்கையும் கண்ணை மாற்றுகிறது. இம்முகாமில் பொம்மன், பெள்ளி என்னும் தம்பதிகள் தாயற்ற யானைக் கன்றுகளை வளர்த்த வரலாற்றை, உதகையில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் அம்மையார் ‘தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்’ என்று படமாக்கினார். 2022-ல் வெளிவந்த அது, 2023 மார்ச்சில் குறும் ஆவணப்படத்திற்குரிய ஆஸ்கார் பரிசைப் பெற்றது. நாம் அதில் மலையையும் மாலை ஒளியையும் வியந்தோம். இன்று காலை, யானைகளுக்குக் கேழ்வரகு, கொள்ளு உருண்டைகளை ஊட்டிக்கொண்டிருந்த முதிய பாகர் ஒருவரை வினவியபோது அவர் சொன்னார்: “நான் கன்றின் காதையும் வாலையும்தான் பார்த்தேனுங்க. பயந்திருந்தால் காதை விரிக்கும், வாலைத் தூக்கும். படம் பிடிக்கிறவங்க பக்கத்தில் இருந்தும் அது சும்மா நிற்கிறதே, அதுதான் பெரிசு.” ஆஸ்கார் கழகத்தார் அதைக் கவனித்திருப்பரா என்பது ஐயமே.

ஆயின் கலையில் உயர்வு தாழ்வே இல்லையோ எனின், அங்ஙனம் அன்று. பாகரும் பிடித்தார், கடல் கடந்தோரும் பிடித்தனர். வெவ்வேறு காம்பைப் பிடித்தாலும் கொடி ஒன்றே. பாகவதர் குரலைத் தற்செயலாகக் கேட்ட நம் பேத்தி, 15 வயதினள், “இவர் யார், தாத்தா?” என்று கைவேலையை நிறுத்தினாள். அவளுக்கு அதில் இளமை நினைவு ஏது?

இதனை இங்கு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் கலைப் பதக்கத் தேர்வுக் குழுவினர் ஐவரும் 60-ஐக் கடந்தோர். சென்ற ஆண்டு நம்மவர் பெண்ணொருத்தி, தன் பாட்டியின் தாலாட்டை மின்னிசைக் கருவிகளுடன் பாடி அனுப்பினாள். கால் பங்கு கேட்குமுன் நிறுத்தச் சொன்னவர் நாமே. மற்ற நால்வரும் இசைந்தனர். இவ்வாண்டு அவள் விண்ணப்பிக்கவில்லை.

ஆதலின் குழுவில் 30 வயதிற்குட்பட்ட இருவரைச் சேர்க்க வேண்டுமென்று பிரேரேபிக்கிறோம். ஓரிடம் காலியாக நாமே விலகுகிறோம். அப்பாட்டின் ஒலிப்பதிவைக் காரியதரிசியிடமிருந்து வாங்கி வந்துள்ளோம். போஜனத்திற்குப் பின் அதை முழுமையும் கேட்கலாம். பெரியோர்கள் எழுந்து போகாதிருக்க வேண்டுகிறோம்.