பால் பல்லும் கட்டிங் பிளேயரும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மைக் என் கைக்கு வருமுன்பே, "டேய், பம்பு, வால்வுன்னு ஆரம்பிச்சே, நாங்க சாப்பிடப் போயிடுவோம்" என்று பின்வரிசை எச்சரித்துவிட்டது. ஆகவே எங்கள் வீட்டு நாய்க்குட்டி ஜிம்மியின் பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் நான் கோட்டைவிட்ட பாடத்தை மறுபடி நடத்தியது அந்தப் பல்தான்.

ஜிம்மி பொமரேனியன் ஜாதி. என் மகளின் செல்லம். நாலாவது மாதத்தில் செருப்பு, நாற்காலிக் கால், என் வேட்டி எதையும் விடவில்லை. "பல்லு முளைக்குதுடா, எலும்பு வாங்கிப் போடு" என்றார் அம்மா. போட்டேன். அது முதல் தவறு.

இரண்டாவது தவறு பெரிசு. ஆறு மாதம் ஆனபோது, கீழ்த்தாடையில் ஒரு பக்கம் இரண்டு கோரைப் பற்கள் நின்றன. பால் பல் விழவில்லை. அதற்கு உள்பக்கம், நாக்கை ஒட்டிப் புதுப்பல் வந்திருந்தது. நான்தான் இன்ஜினீயர் ஆயிற்றே! ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டேன். 'டக்'கென்று கையோடு வந்தது பாதிப் பல்தான். வேர் உள்ளேயே நின்றுவிட்டது. ரத்தம். ஜிம்மி கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. "இனிமே அதைத் தொடாதீங்கப்பா" என்றாள் மகள். அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது.

கால்நடை மருத்துவர் திட்டவில்லை. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, மீதி வேரை அகற்றிவிட்டுப் படத்தைக் காட்டினார். பால் கோரைப் பல்லின் வேர், வெளியே தெரியும் பாகத்தைவிட நீளம்! ஒல்லியாக, வளைந்து இருக்கும். இழுத்தால் உடையத்தான் செய்யும். இன்னும் தாமதித்திருந்தால், உள்ளே தள்ளப்பட்ட புதுப்பல் மேல் அண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கியிருக்குமாம்.

அவர் சொன்னதை நாய் வளர்ப்போருக்காகச் சொல்கிறேன். குட்டிக்குப் பால் பற்கள் 28. ஏறக்குறைய நாலாம் மாதம் விழத் தொடங்கி, ஏழு மாதத்திற்குள் 42 நிலையான பற்களும் வந்துவிடும். விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிட்டால் பயம் வேண்டாம். ஈறில் துளி ரத்தம் கசிவதும் சகஜம். ஆனால் ஒரே இடத்தில் பழசும் புதுசும் சேர்ந்து நின்றால் உடனே டாக்டரிடம் போங்கள். சின்ன ஜாதி நாய்களுக்கு இது அதிகம். நடுவே உணவு சிக்கி ஈறு கெட்டுப்போகும்.

எலும்பு, கொம்பு, ஐஸ்கட்டி கொடுக்காதீர்கள். நகத்தால் அழுத்தினால் பதியாத எதுவும் பல்லை உடைக்கும். உடைந்த பால் பல் வழியே கிருமி இறங்கினால் அடியில் வளரும் பல்லும் கெடும். அதற்குப் பதில் துணியை நனைத்து, முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், கண்காணிப்போடு. தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். குட்டியில் டிஸ்டெம்பர் நோய் வந்து பிழைத்தாலும், பல்லின் எனாமல் குறைபட்டுவிடலாம்.

நம் ஒர்க்‌ஷாப் ஆசிரியர் சொல்வாரே, "டிராயிங் பார்க்காம போல்ட்ல கை வைக்காதே" என்று! அதைப் பல நூறு மிஷினில் கடைப்பிடித்தவன், உயிருள்ள ஒன்றில் மறந்துவிட்டேன். தெரிந்த வேலையின் தைரியம் தெரியாத வேலைக்கு உதவாது, நண்பர்களே.

ஜிம்மி மறுபடி என் கையை வாயருகே விடுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. இப்போது ஞாயிறுதோறும் பல் பரிசோதனை உண்டு. என் மகள்தான் இன்ஸ்பெக்டர். நான் டார்ச் பிடிக்கும் ஹெல்ப்பர்.