பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது?

அரசாங்கம் உதவித்தொகை அறிவித்தால் காப்பிக்கடையில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு?" அடுத்தது, "எப்போது?" "எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் குறைவு. வயதானவர்களுக்கோ அந்த மூன்றாவது கேள்விதான் தலைவலி.

2020 ஏப்ரலில் கொவிட்-19 கட்டுப்பாடுகள் தொடங்கியபோது, 21 வயதான, அதற்கு மேற்பட்ட சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 600 வெள்ளி வழங்கப்பட்டது. வங்கிக் கணக்கு விவரம் அரசாங்கத்திடம் இருந்தவர்களுக்கு ஏப்ரல் 14ஆம் தேதியே பணம் வந்துவிட்டது. விவரம் கொடுக்காதவர்களுக்கு ஏப்ரல் 30 முதல் காசோலை, அதுவும் கட்டங்கட்டமாக. காசோலை வந்தாலும் அதை வங்கியில் போட வெளியே போகத்தான் வேண்டும். "வீட்டிலேயே இருங்கள்" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த மாதம் அது! வங்கிக் கணக்கை இணைக்கத் தெரியாதவர்தான் பெரும்பாலும் அந்தப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டவர்.

2022ல் காசோலைக்குப் பதிலாக 'கவ்கேஷ்' வந்தது. அடையாள அட்டை எண்ணைப் பேநவ்வில் இணைத்தவர்களுக்கு முதலில் பணம், பிறகு வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களுக்குக் கவ்கேஷ். ஓசிபிசி வங்கியின் ஏடிஎம்மில், அந்த வங்கியில் கணக்கு இல்லாமலேயே பணம் எடுக்கலாம். அடையாள அட்டை எண், கட்டணக் குறிப்பு எண், சிங்பாஸ் முகச் சரிபார்ப்பு ஆகியவை போதும். காசோலையைவிட இது நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் இயந்திரத்தின் முன் தடுமாறும் பாட்டி யாரைக் கூப்பிடுவார்? பின்னால் வரிசையில் நிற்பவரைத்தான். அவர் நல்லவராக இருந்துவிட்டால் சரி.

பற்றுச்சீட்டுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சிடிசி பற்றுச்சீட்டு குடும்பத்துக்கு ஒன்று. வீட்டில் ஒருவர் சிங்பாஸ் மூலம் பெற்று, இணைப்பை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால்? கைப்பேசி வைத்திருப்பவரே கருவூலக் காப்பாளர் ஆகிவிடுகிறார். மீன் வாங்க மருமகளிடமோ மகனிடமோ கேட்டு நிற்பது பல தாய்மார்களுக்குப் பிடிக்காத வேலை. வெளியே சொல்லவும் மாட்டார்கள். 2025 ஜூலையில் தரப்பட்ட எஸ்ஜி60 பற்றுச்சீட்டு தனிநபர் பெயரில் வந்தது. 21 முதல் 59 வயது வரை 600 வெள்ளி, 60 வயதிலிருந்து 800 வெள்ளி. முதியவர்களுக்கே முதலில் திறந்துவிட்டார்கள். தொகை கூடியதைவிட, அது அவரவர் பெயரில் வந்தது பெரிய காரியம்.

திறன்பேசி இல்லாதவர்கள் சமூக மன்றத்தில் பற்றுச்சீட்டைத் தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம். இதைத் தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் உண்டு.

பெற்றோருக்கு உதவும் பிள்ளைகளுக்கு ஒன்று. பேநவ் இணைப்பை நீங்களே தட்டி முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவரையே செய்யவிடுங்கள், அரை மணி நேரம் ஆனாலும். கடவுச்சொல் அவரிடமே இருக்கட்டும். உதவித்தொகை வந்திருப்பதாகச் சொல்லி, வங்கி விவரம் கேட்கும் குறுந்தகவல் வந்தால் எதையும் தட்டக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.