முறிந்த தண்டு

குருக்கள்மடத்து நெல்லாலையொன்றின் சுழல்தண்டு முறிந்தபோது, அது தேய்ந்துபோயிற்றென்றே கலைப் பட்டதாரியாகிய யான் எண்ணினேன். பேராதனைப் பொறியியற் பீடத்திற் பயிலும் எம் பழைய மாணவர் முறிந்த முகத்தைக் காட்டினார். தண்டின் பருமன் சட்டெனக் குறையும் கூர்மூலையிலேதான் வெடிப்புத் தொடங்கியிருந்தது.

பழைய வினைதான் இது. 1842இல் பாரிசுக்கருகே புகையிரத அச்சு முறிந்து 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுவருடமே ராங்கின் என்னும் அறிஞர், அச்சின் மூலைகளை வளைவாக அமைக்கவேண்டுமென எழுதினார். இன்றைய மாணவருக்கோ அது அட்டவணையிலுள்ள ஓர் எண். பார்த்தெழுதிப் புள்ளி பெற்றுவிடுவர். இயந்திர வடிவமைப்புக் கற்பிப்போர் முதல்நாளே முறிந்த தண்டொன்றைக் கையிற் கொடுப்பாராக. எங்கே முறியுமென்று சொல்லியபின் கணக்கைத் தொடங்கட்டும்.

நெல்லாலைக்குப் புதுத் தண்டு வந்தது. கடைந்தவர் அம்மூலையைக் கூராகவே விட்டிருந்தார். மாணவர் அதனைத் திருப்பியனுப்பினார்.