மனை பார்க்கும்போது தெருவையும் பாருங்க
(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



மனை வாங்கப் போனா பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கேட்கிறோம். தெருவைப் பற்றிக் கேட்டா, "நம்ம ஆளுங்க இருக்காங்களா?"ங்கிறதோட சரி. நானும் அப்படிக் கேட்டு வாங்கினவதான்.

எங்க குழு அக்கா ஒருத்தங்க என் பக்கத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாங்க. எந்தத் தெருன்னு விசாரிச்சதும் பணத்தைத் திருப்பிட்டாங்க. நான் வாயே திறக்கலை. அக்கா இரண்டு மாசம் கூட்டத்துக்கு வரலை.

1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தாங்க. 100 வீட்டில் ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர்கள் 10. வீடுகளைக் கலந்தே கொடுத்தாங்க. சுடுகாடும் பொது.

நாம வாங்குற இடம் எப்படின்னு புரோக்கர் சொல்ல மாட்டார். காலையில் தண்ணி வர்ற நேரம் போங்க. எல்லார் குடமும் ஒரே வரிசையில் நிற்குதா பாருங்க. சுடுகாடு ஒண்ணா, இரண்டான்னு கேளுங்க. "இங்க யாருக்கும் விற்பீங்களா?"ன்னு நேராவே கேட்கலாம், முகமே பதில் சொல்லிடும்.

அக்கா இப்ப வேற மனை பார்க்கிறாங்க. ஞாயித்துக்கிழமை கூடவே நானும் போறேன்.