பெயர் ஸ்டென்டுக்கு, வேலை பலூனுக்கு

(மெக்கானிக்கல் பிரிவு பழைய மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முன்பெல்லாம் நாம் சந்தித்தால், "உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்போம். இன்று காலை என் காதில் விழுந்தது, "உனக்கு எத்தனை ஸ்டென்ட்?" எனக்கு ஒன்று. என்ன கம்பெனி, என்ன விலை என்று எல்லோரும் விசாரிக்கிறீர்கள். அதை உள்ளே கொண்டுபோய் விரித்துவிட்டு, தான் மட்டும் வெளியே வந்துவிடுகிற பலூன் கதீட்டரை ஒருத்தரும் விசாரிப்பதில்லை.

1977 செப்டம்பரில் சூரிக் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதய ரத்தக்குழாயை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். அந்தக் கதீட்டர்களை அவர் உருவாக்கியது வீட்டுச் சமையலறை மேஜையில்! ரப்பர் பலூன் இதற்கு ஆகாது. இளக்கமான பக்கம் புடைத்துக்கொண்டு, கெட்டியான அடைப்பை அப்படியே விட்டுவிடும். குறித்த விட்டம் வந்ததும் அதற்குமேல் பெருக்காத பலூன் வேண்டும். அவர் பி.வி.சி.யில் செய்தார்; இன்று நைலான் போன்றவை.

விரித்த குழாய் சிலருக்கு மறுபடி சுருங்கியது. 1978-இல் குருன்ட்சிக்கின் உரையைக் கேட்ட டாக்டர் ஹூலியோ பால்மாஸுக்கு, உள்ளே முட்டுக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் பலூனால் விரியும் ஸ்டென்ட். அமெரிக்காவில் இதயக்குழாய்க்கு 1994-இல் அனுமதி கிடைத்தது.

நம்ம லேபில் கம்பியை இழுத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கா? ஈல்டு பாயின்ட்டைத் தாண்டினால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஸ்டென்ட் விரிந்தபடி நிற்பதும் அதே கணக்குதான். மடித்த பலூன்மேல் அதை இறுக்கி வைத்திருப்பார்கள். ஆரம்ப காலத்தில் டாக்டரே விரலால் இறுக்கியதுண்டு. வழியில் நழுவிவிடும் ஆபத்தும் இருந்தது. பலூனுக்குள் காற்று அடிப்பதில்லை. வெடித்தால் காற்று ரத்தத்தில் கலந்து ஆளையே கொன்றுவிடலாம். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் சலைனில் கலந்து அழுத்துகிறார்கள். எனக்குப் போட்டபோது "பன்னிரண்டு... பதினான்கு" என்று அட்மாஸ்பியர் கணக்கு காதில் விழுந்தது. அந்தச் சில விநாடி ரத்தம் நிற்பதால் நெஞ்சு வலித்தது. பலூன் சுருங்கியதும் வலி போச்சு.

வெளியே என் பையனுக்கு வேறு வலி. "ஸ்டென்ட் வச்சாச்சு, அப்புறம் எதுக்கு இன்னொரு பலூன்?" என்று பில்லைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். கேட்டதில் தப்பில்லை. 2017 பிப்ரவரியில் அரசு ஸ்டென்டுக்குத்தான் உச்சவிலை வைத்தது. அந்த உத்தரவில் பலூன் இல்லை. ஆனால் விஷயம் இதுதான்: சுண்ணாம்பு படிந்த குழாயில் ஸ்டென்ட் முழுசாக விரியாமல் நின்றுவிடலாம். குழாய்ச் சுவரோடு ஒட்டாத இடத்தில் ரத்தம் உறையும், அடைப்பும் திரும்பி வரும். அதனால்தான் இன்னும் விறைப்பான பலூனை உள்ளே விட்டு, கூடுதல் அழுத்தத்தில் மறுபடி விரிக்கிறார்கள். காரணம் கேளுங்கள், டாக்டர் படத்தில் காட்டுவார். காசை நினைத்து வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்டென்ட் விட்டம், நீளம், தேதி எழுதிய அட்டை என் பர்ஸில் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை, பல் பிடுங்கப் போனபோதுகூட இதய டாக்டரைக் கேட்காமல் நான் நிறுத்தவில்லை. அட்டையைத் தொலைத்தவர்கள் திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் நகல் கேட்டு வாங்கிவிடுங்கள்.