தாய்க்குப் போடும் ஊசி பிள்ளைக்கும் காவல்



பாம்பன், தங்கச்சிமடம் கரையோரத்துக் கர்ப்பிணிகள் ரணஜன்னி ஊசியைத் தயங்காமல் போட்டுக்கொள்கிறார்கள். ஃபுளூ தடுப்பூசி என்றால் மட்டும், "வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா?" என்கிறார்கள். நாங்கள் கடிந்துகொள்வதில்லை. மாமியாரையும் அருகில் உட்காரவைத்துச் சொல்கிறோம்: ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இதைப் போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்கும் சேரும். 2012இல் உலக சுகாதார நிறுவனம் இதற்காகக் கர்ப்பிணிகளையே முதலிடத்தில் வைத்தது.

பயம் தீர்ந்தாலும் விலை நிற்கிறது. ரணஜன்னி ஊசி அரசு தருவது. இதுவோ தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, பெரும்பாலும் விலைக்கே வாங்கவேண்டும். கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பது மறுப்பல்ல, இல்லாமை. அந்த இடத்தில்தான் உங்கள் காணிக்கை கைகொடுக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னே இத்தாய்மாரை நினைத்துக்கொள்ளுங்கள்.