அளவைத் தேடும் வாரங்கள்

ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு, மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு நிலை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் அது காணப்படுகிறது. பிள்ளை வேண்டுமென்றே செய்யும் சேட்டையோ, தாய் வளர்த்த விதமோ அதற்குக் காரணம் அன்று. பெற்றோருக்கான பயிற்சி, வகுப்பறையில் செய்யப்படும் சில மாற்றங்கள், மருந்து ஆகிய மூன்றும் சிகிச்சையில் இடம்பெறுகின்றன. ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சியையே முதலில் தர வேண்டும் என்றும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு மருந்தையும் பயிற்சியையும் சேர்த்துத் தரலாம் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி குடும்பங்களில் நீண்ட நாள் பேசப்படுகிறது. ஆனால் தொடங்கலாம் என்று முடிவெடுத்த பிறகு வரும் முதல் சில வாரங்களில் வீட்டில் என்ன நடக்கும், அப்போது பிள்ளைக்குப் பெரியவர்கள் எவ்வாறு துணை நிற்க வேண்டும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இவ்வுரை அந்த வாரங்களைப் பற்றியது.

இந்நிலைக்கு முதன்மையாகத் தரப்படும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இயங்கிய சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் 1944இல் அதை உருவாக்கினார். அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்தே ரிட்டலின் என்ற வணிகப் பெயர் பிறந்தது. இது தூண்டி மருந்து வகையைச் சேர்ந்தது. ஓரிடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தூண்டி மருந்தா என்று பெற்றோர் திகைப்பது இயல்பே. மூளையின் நரம்பணுக்கள் டோபமின், நார்எபிநெஃப்ரின் என்னும் வேதிப்பொருள்களை வெளியிட்டுத் தம்முள் செய்தி அனுப்பிவிட்டு, அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மெத்தில்ஃபெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுப்பதால் அப்பொருள்கள் சற்று அதிக நேரம் தங்கி வேலை செய்கின்றன. எதை இப்போது செய்வது, எதை அடக்கிக்கொள்வது என்று தீர்மானிக்கும் முன்மூளைப் பகுதியே அதனால் ஊக்கம் பெறுகிறது. ஆகவே இது தூக்க மருந்தும் அன்று, மயக்க மருந்தும் அன்று. மருந்து சாப்பிட்ட பிள்ளை சுரத்தில்லாமல், சிரிப்பில்லாமல், ஒரு மூலையில் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், அது மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் ஆகாது. பெரும்பாலும் அளவு கூடிவிட்டது என்பதையே அது காட்டுகிறது. 'இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறான்' என்று வகுப்பாசிரியர் பாராட்டும் நாளிலும், வீட்டில் தெரியும் இந்த வாட்டத்தைப் பெற்றோர் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

காய்ச்சல் மருந்தைப் போல எடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு இம்மருந்தின் சரியான அளவை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்பதே பெற்றோர் முதலில் அறிய வேண்டிய செய்தி. ஒரே வயதும் ஒரே எடையும் கொண்ட இரு பிள்ளைகளில் ஒருவருக்குப் போதுமான அளவு மற்றவருக்குப் போதாது. எனவே குறைந்த அளவில், பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி என்ற கணக்கில் ஏற்றி, பயன் மிகுந்தும் தொல்லை குறைந்தும் இருக்கும் இடத்தில் மருத்துவர் நிறுத்துகிறார். படிப்படியாக அளவைக் கண்டறியும் இந்த முறை தெரியாத குடும்பங்கள், முதல் வாரத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை என்றதும், மருந்து இந்தப் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டி நிறுத்திவிடுகின்றன. முதல் வாரத்து மாத்திரை பெரும்பாலும் உடல் அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காகத் தரப்படுவதே.

அளவைத் தேடுவதில் காட்டும் அக்கறை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை, அமெரிக்காவிலும் கனடாவிலும் 579 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1999இல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான அப்பிள்ளைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 14 மாதங்கள் கவனிக்கப்பட்டனர். ஆய்வாளர்களே மருந்து தந்த குழுக்களில் முதல் 28 நாள்கள் முழுவதும் அளவைத் தேடுவதற்கே ஒதுக்கப்பட்டன. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, குறைந்த அளவு, நடுத்தர அளவு, கூடிய அளவு ஆகியவை நாளுக்கு நாள் மாற்றித் தரப்பட, எந்த நாளில் எது தரப்பட்டது என்று அறியாத பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையின் நடத்தைக்கு அன்றாடம் மதிப்பெண் இட்டனர். முடிவில் சிறந்தவை என்று தெரிந்த அளவுகள் நாளுக்கு 10 மில்லிகிராம் முதல் 50 மில்லிகிராம் வரை பரந்திருந்தன. அதன் பிறகும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் மருத்துவர் குடும்பத்தைச் சந்தித்தார். ஆசிரியரின் கருத்தும் கேட்டுப் பெறப்பட்டது. வழக்கமான மருத்துவ வசதிக்கே விடப்பட்ட குழுவிலும் மூவரில் இருவர் ஏறத்தாழ இதே மருந்தைத்தான் சாப்பிட்டனர். ஆனால் அவர்கள் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே, அதுவும் சிறிது நேரமே, மருத்துவரைக் கண்டனர். அவர்கள் பெற்ற பலன் தெளிவாகக் குறைந்திருந்தது. மருந்தோடு நடத்தைப் பயிற்சியும் பெற்ற குழுவினருக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. மாத்திரையை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணும் பெற்றோரும், சீட்டு எழுதியதோடு பணி முடிந்தது என்று எண்ணும் மருத்துவரும் இந்த ஆய்வை மனத்தில் கொள்வது பிள்ளைக்கு நல்லது.

நான்கு வாரம் கழித்து மருத்துவர் 'எப்படி இருக்கிறான்?' என்று கேட்கும்போது 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் விடையாக வருகிறது; அச்சொல்லை வைத்து எந்த மருத்துவராலும் அளவை மாற்ற முடியாது. பயன்படும் விடை தர ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். மாத்திரை கொடுத்த நேரம், உண்ட அளவு, மாலையில் மனநிலை, தூங்கிய நேரம், ஆசிரியர் ஏதேனும் சொல்லியிருந்தால் அது என நாளுக்கு இரண்டு வரி எழுதினால் மிகுதி. எடுத்துக்காட்டாக, ஒரு செவ்வாய்க்கிழமையின் கீழ் 'காலை 8.10க்கு மாத்திரை, டிபன் பாக்ஸ் பாதி மீதி, காலை இரண்டு பீரியடும் நன்றாக எழுதினான், 12.30க்கு மேல் பெஞ்சை விட்டு எழுந்தான், 4.45க்கு வீட்டில் காரணமில்லாமல் அழுகை, இரவு 9.30க்குத் தூக்கம்' என்று இருப்பதாகக் கொள்ளலாம். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் வேலை மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அறிந்த மருத்துவர், இக்குறிப்பைப் பார்த்த உடனே காலை அளவு சரியாக இருக்கிறது, நண்பகலுக்குப் பிறகுதான் மருந்து இல்லை என்று கண்டுகொள்வார். அளவை ஏற்றுவதற்குப் பதிலாக மதியம் இன்னொரு வேளை சேர்ப்பதையோ, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை மெல்ல மெல்ல மருந்தை வெளியிடும் நீடித்த வகைக்கு மாற்றுவதையோ அவர் எண்ணிப் பார்ப்பார். அத்தகைய நீடித்த வகை மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

மருந்தால் வரும் தொல்லைகளில் முதலில் தென்படுவது பசிக்குறைவு. மதிய உணவு திறக்கப்படாமலே வீடு திரும்புவதைக் கண்டு தாய்மார்கள் கலங்குவதும், பிள்ளையைக் கடிந்துகொள்வதும் நடக்கின்றன. உச்சிப் பொழுதில் மருந்தின் வேலை இன்னும் ஓயாதிருப்பதால் அந்நேரத்தில் வற்புறுத்திப் பயனில்லை; மாத்திரைக்கு முன்பாகவோ மாத்திரையோடோ நிறைவான காலை உணவு, மருந்து வடியும் மாலை ஐந்து ஆறு மணிக்குச் சூடான தோசையோ முட்டையோ சுண்டலோ, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் என உணவின் நேரத்தை மாற்றி அமைப்பதே பலன் தரும். பள்ளிக்கு நெய் சாதம், கடலை உருண்டை போன்று சிறிய அளவில் சத்து மிகுந்தவற்றைக் கொடுத்தனுப்பலாம். உயரமும் எடையும் சில மாதங்களுக்கு ஒருமுறை அளக்கப்பட வேண்டும். எம்.டி.ஏ. ஆய்வில் இடம்பெற்ற பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, தொடர்ச்சியாக மருந்து உண்டவர்கள் மூன்று ஆண்டுகளில், உண்ணாதவர்களைவிட ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தனர். பேரச்சம் கொள்ள வேண்டிய அளவன்று அது. ஆயினும் அளக்காமல் விட்டுவிடத் தக்கதும் அன்று.

மாலையில் மருந்து வடியும்போது சில பிள்ளைகளிடம் முன்னைவிட அதிகமான எரிச்சலும் அழுகையும் ஒரு மணி நேரம் போலத் தோன்றி அடங்குவதுண்டு. பல வீடுகளில் சரியாக அந்த நேரத்தில்தான் டியூஷன் தொடங்குகிறது. மூளைக்கு மருந்தின் துணை இல்லாத வேளையில் மேலும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது, கால் வலிக்கும் பிள்ளையை மாடிப்படி ஏறச் சொல்வதற்கு ஒப்பானது. அந்த ஒரு மணி நேரத்தை விளையாட்டுக்கும் உணவுக்கும் விட்டுவிட்டு, பாடத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது. மதிப்பெண் உயர வேண்டும் என்பதற்காகத் தேர்வு நெருங்கும்போது தாமாகவே அளவைக் கூட்டும் பெற்றோர் தம் பிள்ளைக்குத் தீங்கு செய்கின்றனர். பிற்பகலில் மறந்துபோன மாத்திரையை மாலையில் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடும். அன்றைக்கு விட்டுவிடுவதே தகும்.

சில தொல்லைகளைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கலாகாது. நெஞ்சுவலி, ஓடும்போது மயங்கி விழுதல், இல்லாததைக் காண்பதாகவோ கேட்பதாகவோ சொல்லுதல் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். குடும்பத்தில் இளம் வயதில் இதய நோயால் திடீரென இறந்தவர் உண்டா என்பதை மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தூண்டி வகையைச் சேராத அட்டோமாக்செடின் என்ற மருந்து தரப்படும்போது கணக்கே வேறு. அதன் முழுப்பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும், ஆகவே பத்தாம் நாளில் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது. அம்மருந்தின் தொடக்க வாரங்களில் மிகச் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கை இருப்பதால், வழக்கத்துக்கு மாறான சோர்வையும் சாவைப் பற்றிய பேச்சையும் விளையாட்டுப் பேச்சென்று ஒதுக்கக் கூடாது.

இவை அனைத்துக்கும் நடுவே பிள்ளையை மறந்துவிடுவது எளிது. ஒவ்வொரு குறும்புக்கும் 'இன்னிக்கு மாத்திரை போடலையா?' என்று அண்ணனோ பாட்டியோ கேட்கும் வீட்டில், நல்லது செய்வது மாத்திரை, கெட்டது செய்வது தான் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. இந்த ஒரு கேள்வியை வீட்டிலிருந்து அகற்றுவது எந்த அளவு மாற்றத்துக்கும் குறைந்ததன்று. எதற்காக இந்த மாத்திரை என்பதைப் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும். சத்து மாத்திரை என்று ஏமாற்றினால் உண்மை தெரியும் நாளில் நம்பிக்கை போய்விடும். கண்ணாடி எழுத்தைத் தெளிவாகக் காட்டும், படிப்பது நீதான் என்று சொல்வது எட்டு வயதுப் பிள்ளைக்குப் போதுமான விளக்கம். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 1937இல் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் முப்பது குழந்தைகளுக்குத் தூண்டி மருந்தை முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தபோது, பதினான்கு பேரின் பள்ளிப் பாடத்தில் பெரும் முன்னேற்றம் தெரிந்தது. அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று குழந்தைகளே பெயர் வைத்ததாகச் சொல்லப்படுகிறது. தம்முள் நிகழும் மாற்றத்தைக் குழந்தைகளால் கவனித்துச் சொல்ல முடியும் என்பதற்கு அதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை. வயிறு வலிக்கிறதா, விளையாட முன்போல் ஆசை வருகிறதா என்று பிள்ளையிடமே கேட்டு, அது சொல்வதை அதன் சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதனால் எல்லா மருந்துக் கடைகளிலும் அது கிடைப்பதில்லை, மருத்துவரின் சீட்டும் கட்டாயம். தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பதற்காகவே இக்கட்டுப்பாடு. மருத்துவர் கண்காணிப்பில் குறித்த அளவை உண்ணும் பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்பது இதன் பொருளன்று. மாத்திரைகளைப் பூட்டிய அலமாரியில் வைப்பதும், தீரும் முன்பே அடுத்த சீட்டை வாங்கிக்கொள்வதும் பெற்றோரின் பொறுப்பு. குழந்தை மனநல மருத்துவர் அருகில் இல்லாத ஊர்களில் இருப்போர், ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஐயம் எழுந்தால், நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.